ஒரு பல் தவறிய டைமிங் பெல்ட்டும் ஆவாரம்பாளையத்து ஒர்க்‌ஷாப்பும்

இந்த ஒர்க்‌ஷாப்புக்கு போர்டு கிடையாது. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில், லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை போட்ட இடம். உள்ளே இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் சந்தில்தான் நிறுத்த வேண்டும். நடத்துகிற அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "பேரு, நம்பரெல்லாம் போட்டுறாதீங்க தம்பி, இருக்கற வண்டியவே முடிக்க முடியலைங்க" என்றார். அதனால் போடவில்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டி பார்க்கிறவர் எங்கே என்று அந்தப் பக்கத்து லேத் பட்டறையில் கேட்டால் கை காட்டுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் பாகம். நானும் அப்படிக் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

என் வண்டி 2001 ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். அப்பா வாங்கியது. 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை சிட்டி இது. 2003இல் வந்த அடுத்த சிட்டியில் டைமிங் செயின் வந்துவிட்டது. இதில் ரப்பர் பெல்ட்தான். பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது இந்த டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் வகை எஞ்சின். கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கும் நினைவில்லை, பில்லும் இல்லை. ஆயில், பிரேக் பேட், பிளக், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் பத்து வருஷமாக நானே மாற்றுகிறேன். பெல்ட்டையும் நானே மாற்றலாம் என்று முடிவு செய்தேன். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வேலை நன்றாகத்தான் போனது. இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, பக்கத்து எஞ்சின் மவுன்ட்டைக் கழற்றினேன். கிராங்க் புல்லி போல்ட் ஒரு நாள் பூராவும் அசையவில்லை. லேத் பட்டறையில் இருந்து நீளமான பைப் வாங்கி வந்து ரெஞ்ச்சில் சொருகி அழுத்தியதும் பட்டென்று விட்டது. கிராங்கிலும் கேமிலும் இருக்கிற குறிகளைச் சேர்த்து, புது பெல்ட் போட்டு, எல்லாம் மூடி, கூலன்ட் ஊற்றி, சாவி திருப்பினேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. அன்று இரவு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் அவிநாசி ரோட்டில் ஏறியதும் தெரிந்துவிட்டது. பிக்கப் இல்லை.

ஐடிலிங் கொஞ்சம் நடுக்கம், அவ்வளவுதான். மிஸ் அடிக்கவில்லை. செக் எஞ்சின் லைட் எரியவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. மூன்றாம் கியரில் போகிற இடத்தில் எல்லாம் இரண்டு கேட்கிறது. ஊருக்குள் 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 8க்கு வந்துவிட்டது. அந்த வார இறுதியில் குன்னூரில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முதல் கியரை விட்டு வரவே இல்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். பர்லியாரில் ஓரங்கட்டினேன். அம்மா இறங்கி, "இதுக்கு மூச்சு முட்டுதுடா, ஏத்தாதே" என்றார். திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த மூன்று வாரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நண்பர், பிளக்கில் நெருப்பு எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட் கொண்டுவந்து பார்த்தார். இக்னிஷன், அதாவது அந்த நெருப்பு விழும் நேரம், மிகவும் பின்தங்கியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, கிராங்க் புல்லியில் அதற்கென்று இருக்கிற சிவப்புக் குறிக்குக் கொண்டுவந்தோம். கொஞ்சம் தேவலாம் என்று ஆனது, ஆனால் பழைய இழுவை வரவில்லை. அப்புறம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஃப்யூல் பம்ப், ஆக்சிஜன் சென்சார், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்றும் மாற்ற 27,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தார்கள். நான்கு சிலிண்டரிலும் 130 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்தது. "ரிங் போச்சு, எஞ்சின் இறக்கணும்" என்றார்கள். கையில் பணம் இருந்திருந்தால் அன்றே சரி என்று சொல்லியிருப்பேன். அந்த அளவுக்கு மனசு விட்டிருந்தது.

இனி ஆவாரம்பாளையம்.

காலை எட்டரைக்குப் போனேன். அண்ணன் ஒரு பழைய மாருதி ஜென் காரின் அடியில் இருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்கவில்லை. நான் பெல்ட் மாற்றியதில் தொடங்கி டிஸ்ட்ரிபியூட்டர் வரை சொன்னேன். மறைக்காமல் சொன்னது நல்லதாகப் போயிற்று. பெல்ட்டுக்கு முன்னாடி இழுவை எப்படி இருந்தது என்றார். நன்றாக இருந்தது என்றேன். "அப்ப அங்கிருந்தே ஆரம்பிக்கலாங்க" என்று பானட்டைத் தூக்கினார்.

ஸ்பானரை எடுக்கவில்லை. டார்ச் லைட்டை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரின் காதுப் பக்கம் அடித்தார். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட்டுகள் நீள் துளைக்குள் நிற்கும். தளர்த்தினால் அந்தத் துளையின் அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பலாம். இருபது வருஷத்து அழுக்கும் எண்ணெயும் படிந்த அலுமினியத்தில், வாஷர் முன்பு உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பிறை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. அது துளையின் ஏறக்குறைய நடுவில் இருந்தது. இப்போது போல்ட் துளையின் கடைசி முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. "இத்தன வருஷமா நடுவுல இருந்தது இப்ப ஏன் கோடிக்குப் போகணும்? நீங்க பெல்ட்டத்தான மாத்துனீங்க, டிஸ்ட்ரிபியூட்டர மாத்தலையே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்டின் மறுமுனையில் மாட்டியிருக்கிறது. பெல்ட் தவறி கேம் பின்தங்கினால் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே அளவு பின்தங்கும். நாங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் திருப்பி நெருப்பைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். வால்வுகள் மட்டும் தாமதமாகவே திறந்து தாமதமாகவே மூடிக்கொண்டிருந்தன. அதனால்தான் கொஞ்சம் தேறி, முழுக்கத் தேறாமல் நின்றது.

செக் எஞ்சின் லைட் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்கள் இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. பெல்ட் ஒரு பல் தவறினால் சென்சாரும் சேர்ந்தே தவறுகிறது. ஈசியூவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆளே இல்லை. கிராங்குக்குத் தனி சென்சார், கேமுக்குத் தனி சென்சார் என்று வந்த வண்டிகளில் இரண்டும் பொருந்தவில்லை என்று பி0016 மாதிரி ஒரு எரர் கோடு (code) விழும். இதில் விழாது. லைட் எரியவில்லை, அதனால் டைமிங் சரி என்று மூன்று வாரம் நான் நினைத்தது இந்த வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அவர் பெல்ட் மூடியைக் கழற்றவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம். எஞ்சின் காற்றை இழுக்கிற வேகத்தில் உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜை எடுத்து, சிலிண்டர்களுக்குக் காற்று போகிற குழாயான மேனிஃபோல்டில் ஒரு ஹோஸைப் பிடுங்கி மாட்டினார். வட்ட முகம், உள்ளே மஞ்சளடித்த தாள், கண்ணாடியில் ஒரு கீறல். வாங்கி முப்பது வருஷம் இருக்கும் என்றார். எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் நின்றபோது முள் 13 அங்குலத்தில் (பாதரச அளவு) நின்றது. ஆடவில்லை, துள்ளவில்லை. அப்படியே நின்றது.

கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். உயரம் 1,000 அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். கோயம்புத்தூர் 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் நாம் ஒன்று, ஒன்றரை அங்குலம் கழித்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும் 13 மிகவும் குறைவு. ஒரு வால்வு ஓட்டையாக இருந்தால் முள் சீராகத் துள்ளும். கலவை சரியில்லை என்றால் முள் அலையும். குறைவாகவும் அசையாமலும் நின்றால் வால்வு டைமிங் தாமதமாக இருக்கலாம், அல்லது எங்கோ காற்று உள்ளே கசியலாம். கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பார்த்தார். ஐடிலிங் மாறவில்லை. அப்புறம் 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் அப்படிப் பிடித்து நிற்க நிற்க வேக்கம் இறங்கிக்கொண்டே போகுமாம். முள் இறங்கவில்லை. 27,000 ரூபாய் எஸ்டிமேட்டில் பெரிய தொகை கன்வெர்ட்டருக்குத்தான் போட்டிருந்தார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது என்று மூன்று நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

கம்ப்ரஷன் சீட்டைக் காட்டினேன். 132, 130, 131, 133. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரிங்கு தேஞ்சா நாலும் ஒரே மாதிரி தேயாதுங்க. ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். நாலும் கைகோத்துட்டு இறங்குனா அது ரிங்கு இல்ல, வால்வு மூடற நேரம்" என்றார். இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் பிஸ்டன் அழுத்துகிறது. குறைந்த வேகத்தில் இழுவை இல்லாமல் போவதும் இதனால்தான். இந்த எஞ்சினுக்கு ஹோண்டா மேனுவலில் குறைந்தபட்சம் 135 பி.எஸ்.ஐ., சிலிண்டருக்குச் சிலிண்டர் 28க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. எனக்கு வித்தியாசம் மூன்றே மூன்று. அந்த மூன்றைப் பார்க்காமல் 130ஐ மட்டும் பார்த்த இடத்தில்தான் எஞ்சினை இறக்கச் சொன்னார்கள்.

மைலேஜ் குறைந்ததற்கும் காரணம் சொன்னார். இந்த வண்டியில் எவ்வளவு பெட்ரோல் அடிக்க வேண்டும் என்று ஈசியூ மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து, அதாவது மேப் சென்சாரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. வேக்கம் குறைந்தால் எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று நினைத்து அதிகமாக ஊற்றும். பிளக்கைக் கழற்றிக் காட்டினார், நான்கும் கரி.

பத்தரை மணிக்கு வால்வு கவரையும் மேல் டைமிங் கவரையும் கழற்றினார். இதற்கு எஞ்சின் மவுன்ட்டைத் தொட வேண்டியதே இல்லை, இருபது நிமிஷ வேலை. இது எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே நானே பார்த்திருக்கலாம். கிராங்கை டி.டி.சி.க்கு, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். புல்லியில் இருக்கிற வெள்ளைக் குறிதான் டி.டி.சி.; சிவப்புக் குறி இக்னிஷனுக்கு. சிவப்பை டி.டி.சி. என்று நினைத்து பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு என்றார். நான் அந்தத் தவறு செய்யவில்லை. கேம் புல்லியில் "அப்" என்று எழுதியது மேலே வந்து நின்றது. தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் சரி மாதிரிதான் இருந்தது.

"குனிஞ்சு பாருங்க" என்றார். கேம் புல்லியில் இடமும் வலமும் இரண்டு கோடு வெட்டியிருக்கும். டி.டி.சி.யில் அந்த இரண்டும் சிலிண்டர் ஹெட்டின் மேல்பரப்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஹெட் மேல் படுக்க வைத்தார். இடது கோடு ஸ்கேலுக்கு மேலே நின்றது. வலது கோடு கீழே இறங்கியிருந்தது. ஒரு பல். கேமில் ஒரு பல் என்றால் கிட்டத்தட்ட பத்து டிகிரி. கிராங்கில் பார்த்தால் அது இரட்டிப்பு, சுமார் இருபது. பென்சிலால் ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினார். ஒரு அரிசி நீளம்தான் இருக்கும். பர்லியாரில் வண்டியை நிறுத்தியது அந்த அரிசி நீளம்.

குறிகளை நான் சேர்த்துத்தான் போட்டேன், கை வைத்து எண்ணிப் பார்த்தேன் என்றேன். நம்பினார். எப்படித் தவறியது என்று கண்டுபிடிக்க அவர் கேட்டது, நான் எந்த வண்டியின் வீடியோவைப் பார்த்துப் போட்டேன் என்பது. வேறு கம்பெனி வண்டி என்றேன். "அது வலப்பக்கம் சுத்தற எஞ்சினுங்க. இது இடப்பக்கம் சுத்தும்."

பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கம் இருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசையில் சுற்றும். ஹோண்டாவின் இந்தக் காலத்து எஞ்சின் எதிர்த் திசையில் சுற்றும். கிராங்க் இழுக்கிற பக்கத்து பெல்ட் விறைப்பாக நிற்க வேண்டும். தொய்வு இருந்தால் அது டென்ஷனர் பக்கம்தான் இருக்க வேண்டும். வீடியோவில் பார்த்த வரிசையில் நான் பெல்ட்டை மாட்டியதால் தொய்வு இழுக்கிற பக்கத்தில் மாட்டிக்கொண்டது. குறிகள் அப்போது சேர்ந்துதான் இருந்தன. கிராங்க் நகர்ந்ததும் முதலில் அந்தத் தொய்வைத்தான் விழுங்கியது. கேம் ஒரு பல் அளவுக்குச் சும்மா நின்றுவிட்டு அப்புறம் சுற்றத் தொடங்கியது. மூடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி மறுபடியும் வந்து சேர்கிறதா என்று பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கிராங்க் இரண்டு சுற்று என்றால் கேம் ஒரு சுற்று. எல்லாக் குறியும் பழைய இடத்துக்கு வர வேண்டும். இருட்டிவிட்டது, மழை வருகிற மாதிரி இருந்தது என்று அந்த ஒன்றை நான் விட்டுவிட்டேன்.

மேல் மூடியை மட்டும் கழற்றியே பெல்ட்டை ஒரு பல் நகர்த்தலாம். டென்ஷனர் போல்ட்டுக்குக் கீழ் மூடியில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கிறது, அதன் வழியாகத் தளர்த்தலாம். நான் கேட்டேன். கிராங்க் ஸ்புராக்கெட்டின் குறியைக் கண்ணால் பார்க்காமல் நகர்த்த மாட்டேன் என்று சொல்லி முழுக்கப் பிரித்தார். அன்று மத்தியானம் வரை அவர் கூடவே நின்றேன். இழுக்கிற பக்கம் விறைப்பாக இருக்கும்படி பெல்ட்டை மாட்டி, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில், ஐந்தாறு சுற்று சுற்றி பெல்ட்டை உட்கார வைத்தார். மறுபடி டி.டி.சி. டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, கேம் புல்லியில் மூன்று பல் நகரும் அளவுக்கு கிராங்கை அதே திசையில் திருப்பி, அந்த நிலையில் அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார். நான் டென்ஷனரைக் கையால் தள்ளி இறுக்கியிருந்தேன்; இந்த மூன்று பல் விஷயமே எனக்குத் தெரியாது. அப்புறம் இரண்டு சுற்று. ஸ்கேலை ஹெட் மேல் வைத்து, "நீங்களே பாருங்க" என்று நகர்ந்துகொண்டார். இரண்டு கோடும் ஸ்கேலோடு ஒட்டி நின்றன.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய பிறைக்குத் திருப்பி, சர்வீஸ் கனெக்டரை ஜம்பர் போட்டு, டைமிங் லைட் அடித்தார். போல்ட் துளையின் நடுவில் இருக்க, சிவப்புக் குறி முள்ளுக்கு நேராக வந்தது. ஜம்பர் போடாமல் அடித்தால் ஈசியூ தன் இஷ்டத்துக்கு டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும், அளவு நிற்காது. வேக்கம் பதினெட்டே கால். கம்ப்ரஷன் மறுபடி பார்த்தார்: 176, 174, 175, 176. புது சீட்டில் எழுதி, பழைய சீட்டோடு பின் போட்டுக் கொடுத்தார். "இதப் பத்திரமா வெச்சுக்கோங்க, நாளைக்கு எவனாவது எஞ்சின் எறக்கணும்னா காட்டுங்க" என்றார். அந்த இரண்டு சீட்டும் ஆர்.சி. புக்கோடு இருக்கின்றன.

மொத்தம் 2,600 ரூபாய். அதில் வால்வு கவர் கேஸ்கெட் 350, கூலன்ட் கொஞ்சம், மீதி கூலி. வேலைக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்ததற்கும் சேர்த்து இது குறைவு என்றுதான் சொல்வேன். அவர் என்னை ஒரு இடத்திலும் திட்டவில்லை. தானே செய்து கெடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் சில இடங்களில் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும். இங்கே என் கையில் டார்க் ரெஞ்ச்சைக் கொடுத்துச் சக்கரத்தை என்னையே இறுக்கச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பதிவு கிடையாது, போனை எடுப்பது அபூர்வம். அன்று சாயங்காலம் தருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் பதினோரு மணிக்குத்தான் கிடைத்தது. கேஸ்கெட் வாங்கப் போன பையன் தாமதமாக வந்தான். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் லீவு போட்டிருக்க மாட்டேன். ஸ்டியரிங்கிலும் டோர் ஹேண்டிலிலும் கிரீஸ் கறை. சீட்டுக்குக் கவர் போடும் வழக்கம் இல்லை. பில் என்று கேட்டால் துண்டுச் சீட்டுதான், வாரன்டி கேட்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர் வண்டி இரண்டையும் எடுப்பதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறார். புது மாடல் வண்டிக்கு அவரிடம் ஸ்கேனர் கிடையாது. என் வண்டி மாதிரி 2005க்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் இந்த இடத்தைச் சொல்வேன்.

பெல்ட்டை வீட்டில் மாற்றிவிட்டு இழுவை போய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், எந்த சென்சாரையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மேல் மூடியைத் திறந்து, கிராங்கை அது ஓடுகிற திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றி, உங்கள் வண்டியின் மேனுவலில் சொல்லியிருக்கிற குறிகளில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுற்றும்போது எங்காவது இரும்பில் இடித்த மாதிரி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். குறி சேரவில்லை என்று தெரிந்தபின் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எனக்கு ஒரு பல்லோடு போயிற்று, வால்வு தப்பித்தது. அதே வண்டியை மூன்று வாரம் ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி குன்னூர் கிளம்பினேன். கல்லாறு தாண்டி இரண்டாம் கியர், பர்லியாருக்கு முன்னால் ஒரு நேர்ப்பாதையில் மூன்றாம் கியர். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சித்தி வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பது மணிக்கு முன் போனால் அவரே பார்ப்பார். அதற்கு மேல் போனால் கையில் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கும். ஞாயிறு லீவு. காசாகவோ ஜிபேயிலோ கொடுக்கலாம், கார்டு வாங்குவதில்லை. பழைய பில், கம்ப்ரஷன் சீட்டு எது இருந்தாலும் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.